தூங்கியதற்கு ஒரு மெமோ

மேசைமேல் ஓங்கி ஓர் அடி விழுந்தது. பதறி எழுந்தேன். கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கட்டக் காகிதம் பிய்ந்துகொண்டு வந்தது. எதிரே எங்கள் சங்கத்துச் செயலாளர் நின்றிருந்தார். கையில் என்னுடைய மர ஸ்கேல்.

"நல்லாத் தூங்கினியாமா? பாயும் தலகாணியும் கொண்டாரச் சொல்லட்டுமா?"

அவருக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம். நூல் நிறுக்கிறவர், கணக்கர், எப்போதோ வந்து உட்கார்ந்திருந்த ஒரு வியாபாரி. எல்லார் முகத்திலும் சிரிப்பு. எனக்கு வாயோரம் ஈரமாக இருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"சார், கிடைச்சிடுச்சு சார்."

"என்னா கிடைச்சிடுச்சு? கனாவுல புதையலா?"

கூட்டம் மறுபடி சிரித்தது. எனக்குப் பேரன் பிறந்து அவனும் வேலைக்குப் போய்விட்டான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. ஏன் சுடுகிறது என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

கட்டம் போட்ட காகிதம்

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் ஓவியம் படித்து முடித்துவிட்டுக் காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வந்திருந்தேன். பட்டு நெசவாளர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலை கிடைத்தது. அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். புடவையில் வரவேண்டிய பூவையோ பறவையையோ கட்டம் போட்ட காகிதத்தில் வரைய வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை. அதைப் பார்த்துக் கனத்த அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்துச் சரமாக்கித் தறியின் தலைமேல் ஏற்றுவார்கள். ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். அவ்வளவுதான். நாங்கள் காகிதத்தில் செய்த தவறு அப்படியே பட்டில் வந்துவிடும்.

எனக்கு மேலே சபாபதி இருந்தார். எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். கை சுத்தமான ஓவியர். கோபுரத்தைப் பார்க்காமலே கோபுரம் வரைவார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். செயலாளரைக் கண்டால் மட்டும் அவருக்கு நாக்கு உள்ளே போய்விடும்.

கறிக்கடைக் கோழி

கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணம். பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எங்கள் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். முந்தானை முழுக்க மயில் வேண்டும். அதுவும் வழக்கமான முந்தானை போதாது, மார்பில் ஏறும் பகுதியிலும் மயில் வரும்படி நீளமாக வேண்டும் என்றார்கள்.

மாஸ்டர் வரைந்தார். நான் கட்டங்களை நிரப்பினேன். பிள்ளையார்பாளையத்தில் முனிரத்தினம் என்ற நெசவாளர் நெய்து கொடுத்தார். அரக்குச் சிவப்பில் சரிகை மயில்கள். மேசையில் விரித்துப் பார்த்த எல்லாரும் சரிகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். புடவை ஊருக்குப் போனது.

சில நாளில் பெண்ணின் தாயாரே காரில் வந்து இறங்கினார். கூடவே இளைய மகள். நேராக அந்தப் பெண்ணை என் அறைக்குள் அழைத்துப்போய்ப் புடவையைச் சுற்றிவிட்டுக் கூடத்துக்குக் கூட்டி வந்தார். பெண்ணைத் திரும்பி நிற்கச் சொன்னார்.

முதுகில் மயில்கள் அத்தனையும் தலைகீழாகத் தொங்கின.

"இதென்னங்க, கறிக்கடையில கோழி தொங்கற மாதிரி இருக்குதுங்க! இதைக் கட்டிட்டா என்ற பொண்ணு மணவறைக்குப் போறது?"

செயலாளர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

அந்த அம்மாள் நல்ல மனுஷி. இன்னொரு புடவை நெய்ய அவகாசம் கொடுத்தார். முகூர்த்தத்துக்கு அதிக நாளில்லை. மயில் இருந்தே ஆக வேண்டும், முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் அது தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். இதுதான் அவர் நிபந்தனை.

மயிலைத் திருப்பிப் போட்டால் போயிற்று என்று நினைப்பீர்கள். மாஸ்டரும் அப்படித்தான் நினைத்தார். திருப்பிப் போட்டால் முதுகில் நிமிர்ந்துகொள்ளும், மார்பில் கவிழ்ந்துவிடும். ஏனென்றால் முந்தானை இடுப்பிலிருந்து மேலே ஏறுகிறது, தோளைத் தாண்டியதும் கீழே இறங்குகிறது. ஏறும்போது நிமிர்ந்த மயில் இறங்கும்போது கவிழத்தானே செய்யும்?

இத்தனை காலமும் புடவைக்கு வரைந்தவர்கள் எல்லாரும் வேட்டி கட்டியவர்கள். புடவையை மேசையில் விரித்துப் பார்த்தே பழகியவர்கள். மேசைக்கு ஏது தோள்? தினமும் புடவை கட்டுகிற எனக்கும் அதுவரை அது உறைக்கவில்லை.

கண்ணை மூடாதே

செயலாளர் உத்தரவு போட்டார். விடை கிடைக்கிறவரை வரைபடப் பிரிவில் யாரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகக் கூடாது.

"கண்ணை மூடாம யோசிங்க. தறி சும்மா நிக்குது. இதுக்குத்தானே படிச்சவங்களை வெச்சிருக்குது?"

யோசித்தோம். மயிலைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பார்த்தேன். குடித்துவிட்டு விழுந்து கிடப்பதுபோல இருந்தது. சின்னதாக்கினேன். வான்கோழியாகிவிட்டது. மாஸ்டர் மயிலை விட்டுவிட்டு மாங்காய் போடலாம் என்றார். பெண் வீட்டார் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்க்கடையிலிருந்து டீ வந்துகொண்டே இருந்தது. கண்ணில் மணல் போட்டாற்போல உறுத்தியது. பார்க்கப் பார்க்கக் கட்டங்கள் நீந்த ஆரம்பித்தன. காலையில் தப்பென்று அழித்த கோட்டையே சாயங்காலம் புதிய யோசனை என்று மறுபடி போட்டேன். அதற்குப் பெயர் உழைப்பாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் செயலாளர் அறையில் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. சாப்பிட்டு வந்ததும் மின்விசிறியின் கீழே அதில் சாய்வார். குறட்டை கூடம்வரை கேட்கும். யாராவது பார்க்க வந்தால் பியூன் விரலை வாயில் வைத்துச் சொல்லுவார்: "ஐயா யோசனையில இருக்காரு."

என் வீட்டிலும் அதே கதைதான். அப்பா வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தாவாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தால் வீடே மூச்சுவிடாது. "அப்பா அசந்திருக்காரு" என்பாள் அம்மா. அம்மா மதியத்தில் படுத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, பட்டப்பகல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆண் கண்ணை மூடினால் யோசனை, பெண் கண்ணை மூடினால் சோம்பல். இந்த அகராதியை எழுதியவன் என் கையில் கிடைத்தால் விடமாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் சொல்கிறேன். வடிவக்கணக்கு ஒன்று சாயங்காலம் முழுக்கப் போட்டும் வரவில்லை. அழுதுகொண்டே படுத்தேன். விடிந்து எழுந்தபோது எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. போட்டுக்கொண்டு போனேன். வகுப்பில் எனக்கு மட்டும்தான் வந்திருந்தது. ஆசிரியர் கேட்டார், "யாரைப் பார்த்து எழுதின?" தூங்கி எழுந்ததும் தெரிந்தது என்றேன். பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தார்.

அம்மா, காமாட்சி அம்மன் கொடுத்த விடை என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றினாள். ஆசிரியர் நம்பவில்லை, அம்மா பெருமையை அம்மனுக்குக் கொடுத்துவிட்டாள். தூங்கியவள் நான். எனக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

தோளுக்கு ஏறிய மயில்

அன்றைக்குச் சித்திரை வெயில். மாஸ்டர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். தூக்குச்சட்டியில் கொண்டுபோயிருந்த மோர்ச்சோற்றைச் சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பென்சில் கையிலிருக்க, தலை எப்போது மேசைக்குப் போனது என்று தெரியாது.

கனவில் நான் ஒரு குளத்துப் படியில் நிற்கிறேன். பழைய பருத்திப் புடவைதான் கட்டியிருக்கிறேன். இடுப்பருகே ஏதோ குறுகுறுக்கிறது. குனிந்து பார்த்தால் ஒரு மயில். புடவையை நகத்தால் பற்றிப் பற்றி மார்பின் குறுக்கே மேலே ஏறுகிறது. அந்த நகம் குத்துவதுகூட இன்னும் நினைவிருக்கிறது. அதே நேரத்தில் முதுகிலும் குறுகுறுப்பு. அங்கேயும் ஒன்று ஏறுகிறது. முன்னால் ஏறியதும் பின்னால் ஏறியதும் ஒரே நேரத்தில் தோளுக்கு வந்து, நேருக்கு நேர் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

அப்போதுதான் ஸ்கேல் மேசையில் விழுந்தது.

விளங்கிவிட்டதா? நாங்கள் எல்லாரும் மயிலை முந்தானையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே திசையில் நடக்கவிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கத்திலிருந்தும் தோளை நோக்கி ஏறவிட வேண்டும். தோள்தான் உச்சி. அங்கே திசை மாற வேண்டும். அப்போது முன்னாலும் நிமிர்ந்து நிற்கும், பின்னாலும் நிமிர்ந்து நிற்கும்.

இதைத்தான் நான் செயலாளரிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"சார், தோள்கிட்ட வந்ததும் மயிலைத் திருப்பிட்டா..."

"உன் கனாவை எல்லாம் வீட்ல போய்ச் சொல்லு. சங்கம் என்னா சத்திரமா? ஊரே தவிச்சிக்கினு இருக்குது, நீ குறட்டை விட்டுக்கினு இருக்குற! கிளம்புமா. நாளைக்கு மெமோ வரும், பதில் எழுதிக் கொடு."

அதற்குள் மாஸ்டர் திரும்பி வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கன்னியம்மாவின் முதுகு

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அழுகை வரவில்லை. ஆத்திரம் அழுகையைத் தள்ளிவிட்டு முன்னால் நின்றது. வீட்டுக்குப் போகாமல் நேராகப் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன்.

முனிரத்தினம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கன்னியம்மா ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பழைய தினசரித் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, கத்தரிக்கோலால் மயில் மயிலாக வெட்டினேன். கன்னியம்மாவை நிற்கவைத்து அவள் முந்தானையில் ஊக்கால் குத்தினேன். இடுப்பிலிருந்து தோளுக்குச் சில. முதுகில் தொங்கும் முனையிலிருந்து தோளுக்குச் சில.

"இன்னாமா, என்னைத் தேர் மாதிரி சோடிச்சிக்கினு இருக்குற?" என்று சிரித்தாள் கன்னியம்மா.

முனிரத்தினம் எழுந்து வந்து அவளை ஒரு சுற்றுச் சுற்றினார். நின்றார். இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"எல்லாம் நிமிந்துக்கினு இருக்குதேமா!"

"இருக்குது. ஆனா பாதி மயிலைத் திருப்பி வரையணும். அத்தனை அட்டையும் புதுசா வெட்டணும். முகூர்த்தத்துக்குள்ள முடியுமான்னுதான் தெரியல."

"எதுக்கு வெட்டணும்? இருக்குற அட்டைச் சரத்தையே தோள் வரைக்கும் முன்னால ஓட்டுறேன். அப்புறம் அதையே கடைசி அட்டையிலேருந்து பின்னால ஓட்டுறேன். தானா திரும்பிக்கும்."

எனக்கு அவர் காலில் விழலாம்போல இருந்தது. திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மாம்பழக் கொத்து போட்டுவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தோம். பெண் உயரமாக இருந்தாலும் குள்ளமாக இருந்தாலும் தோள் அந்தக் கொத்துக்குள் அடங்கிவிடும்.

"எப்படிமா தோணிச்சு உனக்கு?"

"தூங்கும்போது" என்றேன். அவரும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இழை சிக்கிக்கினா நானும் அப்டியே போட்டுட்டுப் போய்ப் படுத்துடுவேன். எழுந்து வந்தா நுனி கையில வந்துடும். இழுக்க இழுக்கத்தான் இறுகும்."

"நீ படுத்துடுவ" என்றாள் கன்னியம்மா, ஊக்குகளைக் கழற்றிக்கொண்டே. "நான் படுத்தா உங்கம்மா சும்மா இருப்பாங்களா? எனக்கும்தான் எத்தினியோ சிக்கிக்கினு இருக்குது."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

கண் துஞ்சாத உழைப்பு

மறுநாள் என் மேசையில் மெமோ இருந்தது. பணி நேரத்தில் உறங்கியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? எனக்கு முன்பே முனிரத்தினம் வந்து மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். மாஸ்டர் மாம்பழக் கொத்தை வரைய ஆரம்பித்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அகலம் எவ்வளவு சொன்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். ஒரு கையால் மெமோவுக்குப் பதில் எழுதினேன் என்றும், மறு கையால் அவருக்குக் கட்டம் நிரப்பினேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

புடவை நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கல்யாணத்தில் பெண்ணை விட்டுவிட்டு எல்லாரும் புடவையைப் பார்த்தார்களாம். அந்த அம்மாளின் உறவுக்காரர்கள் வரிசையாக அதே புடவை கேட்டு வர ஆரம்பித்தார்கள். தோள் மயில் என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

பிறகு சங்கத்தின் பொதுக்கூட்டம் வந்தது. கூடம் நிறைய நெசவாளர்கள். ஓரத்தில் நான். செயலாளர் மாஸ்டரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்:

"இரவு பகல் பாராமல், கண் துஞ்சாமல் உழைத்து, நம் மாஸ்டர் கண்டுபிடித்த..."

கண் துஞ்சாமல்! அந்த ஒரு சொல்லை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேனோ என்னவோ. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. எழுந்து நின்றிருந்தேன்.

"சார், அது கண் துஞ்சாம வந்தது இல்ல. துஞ்சித்தான் வந்தது. நான்தான் துஞ்சினேன். அதுக்கு எனக்கு மெமோ குடுத்திருக்கீங்க."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"அந்தத் தூக்கம் தப்புன்னா, அதுல வந்த மயிலும் தப்பு. பொன்னாடையை எடுத்துடுங்க. மயில் சரின்னா, மெமோவை எடுத்துடுங்க. ரெண்டுல ஒண்ணு செய்ங்க சார்."

"உக்காருமா. வீட்ல பேசுற மாதிரி இங்க பேசாத."

கூட்டத்தின் நடுவிலிருந்து முனிரத்தினம் எழுந்தார். "அந்தப் பொண்ணு சொல்றது நெசம்ங்க. எங்க வீட்டுக்கு வந்து எம் பொஞ்சாதி முதுகுலதான் போட்டுக் காட்டிச்சு."

யாரோ சிரித்தார்கள். முதுகு என்ற சொல்லுக்கு. அத்தோடு என் பேச்சு முடிந்துபோனது. செயலாளர் அடுத்த தீர்மானத்துக்குப் போனார். மாஸ்டர் பொன்னாடையின் முனையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்றவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

மெமோ அப்படியே நின்றது. அந்த வருஷ ஊதிய உயர்வும் நின்றது.

எழுந்து சொன்னது

வீட்டுக்கு வந்தேன். நான் வருவதற்குள் செய்தி வந்திருந்தது. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சபையில எழுந்து சண்டை போட்டியாமே! வேலையை விட்டு அனுப்பிட்டா இன்னாடி பண்ணுவ?"

"தூங்கி எழுந்து சொல்றேன்மா."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே பாயை விரித்துப் படுத்தேன். படுத்தபோது, நாளைக் காலை முதல் வேலையாக ராஜினாமாவைச் செயலாளர் முகத்தில் எறிவது என்றுதான் தீர்மானம். எழுந்தபோது விளக்கு வைக்கும் நேரம். தெருவில் மல்லிகைப்பூ விற்கிறவளின் குரல். மனசு அலம்பி வைத்த பாத்திரம்போல இருந்தது.

"நான் போக மாட்டேன்மா" என்றேன். "அவருக்கு வேணும்னா அவர் அனுப்பட்டும்."

அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்றைக்கும் என் பேரன் அலுவலகத்தில் ராத்திரி தூங்காதவனுக்குத்தான் மதிப்பாம். நாலு மணி நேரம் தூங்கினால் போதும் என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறார்கள். சிவந்த கண்ணை மெடல் மாதிரி காட்டுகிறார்கள். அவர்கள் பேச்சில் அந்தச் செயலாளரின் குரல்தான் கேட்கிறது.

அந்தச் செயலாளர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. தோள் மயிலுக்கு ஆர்டர் வந்துகொண்டிருந்தது, அதில் கை வைத்த யாரையும் அனுப்ப முடியாத நிலை. நான் மறுநாளே வேலைக்குப் போனேன். மதியம் சாப்பிட்டேன். கையைக் கழுவினேன். அறைக் கதவை விரியத் திறந்து வைத்தேன். எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்தேன்.

செருப்புச் சத்தம் வாசலில் வந்து நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். செயலாளர்தான்.

"சார், வேலையா இருக்கேன். அப்புறம் வாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.